எங்கள் முற்றத்து இறக்கிப்பூசை

எங்கள் ஊர் பத்ரகாளிக்குக் குனியத் தெரியாது. மற்ற ஊர்களில் சாமி தேரில் போகும், சப்பரத்தில் போகும், ஆனைமேல் போகும். கேரளத்தின் தென்கோடியில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் எங்கள் பக்கத்து முடிப்புரைகளில் அந்த வழக்கம் இல்லை. முடிப்புரை என்றால் பத்ரகாளி கோயில். உள்ளே சிலை கிடையாது. பலாமரத்தில் கடைந்து, தகடு பொதிந்து, பாம்புப் படங்கள் விரிந்து நிற்கிற ஒரு பெரிய முடிதான் அங்கே தேவி. திருவிழாவில் பூசாரி அதைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றி வருவார். ஏற்றிய நேரம் முதல் அவரைப் பூசாரி என்று யாரும் சொல்ல மாட்டார்கள், தேவி என்றுதான் சொல்வார்கள். தேவி எந்த வாசலுக்கும் எந்த மரக்கிளைக்கும் தலை தாழ்த்த மாட்டாள். வழியில் தாழ்ந்து நிற்பது எதுவோ அதைத்தான் வெட்டி மாற்ற வேண்டும்.

இப்படிச் சுற்றி வரும்போது சில வீட்டு முற்றங்களில் முடியை இறக்கி வைத்துப் பூசை செய்வார்கள். பச்சை ஓலைப் பந்தல், ஐந்து திரி போட்ட நிலவிளக்கு, தென்னம்பூக்குலை குத்தி நிறைத்து வைத்த நெல், வாழையிலையில் அவலும் பொரியும் பழமும் இளநீரும். இதற்கு இறக்கிப்பூசை என்று பெயர். தேவி வந்து உட்கார்ந்து விருந்துண்டு போன வீடு என்று அந்த வீட்டுக்கு வருஷம் முழுக்கப் பெருமை.

என் சின்ன வயதில் எங்கள் பக்கத்தில் அந்தப் பெருமை பெரிய வீடு ஒன்றுக்கு மட்டும்தான் இருந்தது. நாங்கள் அந்தப் பெரிய வீட்டுக்காரர்களின் தோட்டத்து மூலையில் குடிசை போட்டுக் கிடந்தவர்கள். குடிகிடப்புக்காரர்கள் என்று சொல்வார்கள். கூரை எங்களுடையது, கீழே கிடந்த மண் அவர்களுடையது. எழும்பிப் போ என்றால் கூரையைச் சுருட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். அப்பா அவர்களுக்குத் தென்னை ஏறினார், வேலி கட்டினார், கொல்லத்துக்கு ஒருமுறை, அதாவது வருஷத்துக்கு ஒருமுறை, இறக்கிப்பூசைக்குப் பந்தலும் போட்டுக் கொடுத்தார். அம்மா முதல்நாளே போய் அந்த முற்றம் முழுவதும் சாணி மெழுகுவாள். தேவி வருகிற நேரத்தில் நாங்கள் வேலிக்கு வெளியே நின்று கும்பிடுவோம். யாரும் விரட்டியதில்லை. அங்கேதான் நிற்க வேண்டும் என்று எங்களுக்கே தெரிந்திருந்தது.

அப்பாவுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. அம்மாவுக்குப் பட்டது. ஆனால் பெரிய வீட்டுக்காரர்களோடு அவளுக்குச் சண்டை இல்லை, தேவியோடுதான். சந்தியானதும் விளக்கைக் கொளுத்தி வைத்துவிட்டு, கும்பிட்ட கையைப் பிரிக்காமலே ஏச ஆரம்பிப்பாள்.

"பந்தலு கட்டினது எனக்க மாப்பிள. சாணி மொழுகினது நான். நீ நேர அங்க போயி இருந்து அவலு தின்னுட்டுப் போற. எனக்க முற்றம் ஒனக்குக் கண்ணுல தெரியாதா?"

ஏசி முடித்துவிட்டு, மறுநாள் செவ்வாய்க்கிழமை என்றால் பட்டினி விரதமும் இருப்பாள். பக்தி என்பது பயந்து நடுங்குவது என்று பிற்பாடு எங்கெல்லாமோ பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். என் வீட்டில் நான் கண்ட பக்திக்கு வாய் நீளம்.

ஒருமுறை அவளுடைய நச்சரிப்பு தாங்காமல் அப்பா கோயில் கமிட்டியில் போய்க் கேட்டார். சொந்த மண் உள்ளவன் முற்றத்தில்தான் தேவியை இறக்குவது, அதுதான் ஆசாரம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மரியாதைக் குறைவாக ஒன்றும் சொல்லவில்லை, வெற்றிலைகூடக் கொடுத்தார்கள். அப்பா வெற்றிலையைப் போட்டுக்கொண்டு வந்து படுத்துவிட்டார். அம்மா அந்தப் பதிலை மனதில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

அப்புறம் நிலச்சட்டம் வந்தது. குடிகிடப்புக்காரர்களுக்கு அவரவர் குடிசை நின்ற இடத்தில் பத்து சென்ட் சொந்தம் என்றார்கள். நம்புவதற்கே நாளாயிற்று. அளக்க வந்த அன்று சங்கிலி பிடித்தவர்களின் பின்னாலேயே அம்மா நடந்தாள். கல் நட்ட இடத்திலெல்லாம் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தாள். அப்பா அந்தப் பத்து சென்டில் உடைமைக்காரராக ஒரு மழைக்காலம்தான் இருந்தார். மஞ்சள்காமாலை அவரைக் கொண்டுபோய்விட்டது.

அதற்குப் பிறகு அம்மா அந்த எல்லையைக் காத்த காவல் கொஞ்சநஞ்சமில்லை. காலையில் எழுந்ததும் ஒரு சுற்று, விளக்கு வைக்குமுன் ஒரு சுற்று. எங்களைப் போலவே பத்து சென்ட் கிடைத்த ஒரு மேஸ்திரி குடும்பம் பக்கத்தில் இருந்தது. வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். நல்ல மனிதர்கள். அவர் நட்ட முருங்கை எங்கள் பக்கம் ஒரு விரல் சாய்ந்துவிட்டது என்று அம்மா ஓணம் வரை அவர்களோடு பேசவில்லை. ஓணத்தன்று பாயசத்தைக் கொடுத்துவிட்டு, "முருங்கைக்குக் கயிறு கெட்டியாச்சா?" என்றாள்.

அண்ணன் மஸ்கட்டுக்குப் போனான். அந்தக் காலத்தில் வீட்டுக்கு ஒருவன் போனான் என்றுதான் சொல்ல வேண்டும், மேஸ்திரியின் மைத்துனனும் போனான். அண்ணனுக்குக் கடிதம் எழுதச் சோம்பல். கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்து அனுப்புவான். சாயங்காலம் முற்றத்தில் டேப்பை வைத்துப் போட்டால் மேஸ்திரி வீடும் வந்து கூடும். "அம்மை, சோறு தின்னியா?" என்று டேப் கேட்கும். "தின்னேன் மக்கா" என்று அம்மா டேப்புக்குப் பதில் சொல்வாள். எங்களுக்குச் சிரிப்பு வரும், ஆனால் சிரித்தால் அடி விழும்.

செம்மண் பாறையில் வெட்டியெடுத்த வெட்டுகல்லில் வீடு எழும்பியது. வீட்டுக்கு முன்னே மதிலும் எழும்பியது. வேலியாக இருந்த காலத்தில் ஆடு புகுந்த இடத்திலெல்லாம் சிமெண்டு பூசிய மதில். அம்மா அதன் ஓரத்தில் நடக்கும்போது கையை அதன்மேல் வைத்துக்கொண்டே நடப்பாள்.

அந்த வருஷம்தான் அவள் கோயில் கமிட்டிக்குப் போனாள். நெய்யாற்றின்கரையில் டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்த என்னையும் துணைக்கு அழைத்தாள். எனக்கும் பெண்பிள்ளைக்கு ஆகாத நாக்கு நீளம் என்று ஊரில் பேர் உண்டு, அதனால் போகும் வழியிலேயே சொல்லிவிட்டாள், நீ வாயைத் திறக்கக் கூடாது என்று. கமிட்டி செக்ரட்டரி பெரிய வீட்டு மருமகன். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். புது வழக்கம் எதைக் கேட்டாலும் அவருக்கு வயிற்றைக் கலக்கும், அவ்வளவுதான்.

"இறக்கிப்பூசை சொந்த மண்ணு உள்ளவங்களுக்காக்கும், கேட்டியா" என்றார், அன்று அப்பாவிடம் சொன்ன அதே வார்த்தையை.

"ஆமா சாரே. அதுக்குத்தான் வந்தேன். எனக்கு இப்ப சொந்த மண்ணு உண்டு."

செக்ரட்டரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார். அவர்கள் கூரையைப் பார்த்தார்கள். தான் சொன்ன ஆசாரத்திலேயே மனிதர் மாட்டிக்கொண்டார். வெளியே வந்ததும் நான் இடவழிச் சந்து முழுக்கச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அப்பாவின் பெயரைச் சொல்லி, "கேட்டீரா?" என்று மட்டும் சொன்னாள். இப்போது எங்கள் வழியில் பத்து சென்ட்காரர்கள் எல்லாரும் இறக்கிப்பூசை வைக்கிறார்கள், பூசாரி கழுத்துக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு வருகிறார். முதலில் போய்க் கேட்டவள் என் அம்மா. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

செய்தி மஸ்கட்டுக்குப் போனது. அடுத்த கேசட்டில் அண்ணன் துள்ளினான். தேவி வருகிற வீட்டுக்கு வெறும் மரக்கேட் போதாது, வளைவு வேண்டும், கான்கிரீட்டில் வளைவு, மேலே தாமரை, இரண்டு பக்கமும் விளக்கு, இங்கே ஒவ்வொரு பங்களாவுக்கும் அப்படித்தான் இருக்கிறது என்றான். மேஸ்திரிதான் கட்டினார். உயரம் எவ்வளவு என்று கேட்டதற்கு அம்மா, தலையில் வைக்கோல்கட்டோடு ஆள் நுழைய வேண்டும் என்றாள். மேஸ்திரி கையைத் தூக்கி நின்றார், அதற்கு மேலே ஒரு சாண் வைத்தார். வளைவு எழும்பியதும் ஊரே வந்து பார்த்தது. வெள்ளறடையிலிருந்து மாமாகூட பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டு, இதற்கு நேரே நின்று ஒரு போட்டோ எடுக்க வேண்டும் என்றார். தேவிக்காகக் கட்டிய வாசலின் அடியில் தேவி நுழைவாளா என்று ஒருவர்கூட யோசிக்கவில்லை. முடியை நாங்கள் எப்போதும் திறந்த வெளியில், வேலிக்கு அப்பால் நின்று பார்த்தவர்கள். அதன் உயரம் எங்களில் யாருக்குத் தெரியும்?

திருவிழாக் கொடி ஏறியதும் எங்கள் வீட்டு மீன்சட்டி பரணில் ஏறியது. மேஸ்திரியின் மனைவி தானும் மத்தி பொரிப்பதை நிறுத்திவிட்டாள். "காத்து ஒங்க பக்கமாட்டுதான் அடிக்குது. எனக்க சட்டியால ஒங்க விரதம் கெட்டுதுன்னு நாளைக்கு எனக்குப் பேச்சு கேக்க ஒக்காது" என்றாள். குருத்தோலை கீறித் தோரணம் கட்டியதும் அவள்தான். எங்கள் இருவருக்கும் அதில் போட்டி, அவள் விரல் வேகம்.

அன்று மத்தியானம் சாய்ந்ததும் மூங்கில்காரர்கள் வந்தார்கள். ஊர்சுற்றுக்கு முன்னால் இரண்டு பேர் நீள மூங்கில் ஒன்றை நட்டமாகப் பிடித்துக்கொண்டு வழி நெடுக நடப்பார்கள். பூசாரியின் தலையில் முடி இருந்தால் என்ன உயரமோ அந்த உயரத்துக்கு வெட்டிய மூங்கில். அது எதில் தட்டுகிறதோ அதை வெட்டுவார்கள், கிளையானாலும் வாழையிலையானாலும். பின்னாலேயே செக்ரட்டரியும் வந்தார். மூங்கில் எங்கள் இடவழியில் இடறாமல் வந்தது. வளைவுக்கு வந்ததும் தாமரைக்குக் கீழே போய் டக்கென்று தட்டியது.

சரித்துப் பார்த்தார்கள். இந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள், அந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள். மூங்கில் மூங்கிலாகத்தான் இருந்தது, வளைவு வளைவாகத்தான் இருந்தது. மேஸ்திரி முகத்தில் ரத்தமில்லை.

"கொஞ்சம் சாஞ்சு வந்தா என்ன?" என்று மேஸ்திரியின் மனைவி கேட்டாள். "எங்க கர்த்தரு கழுதப்பொறத்தில இருந்து பட்டணத்துக்குள்ள போனவரு. ஒங்க தேவிக்கு இம்பிடு குனியத் தெரியாதா?"

"தெரியாது" என்றாள் அம்மா. அந்த நேரத்திலும் அவள் குரலில் அதைப் பற்றி ஒரு பெருமை இருந்தது.

செக்ரட்டரி வாட்சைப் பார்த்தார். "விஷமிக்கண்டா, வருத்தப்படாத. இடவழியில ஒரு பந்தலு இட்டு அங்க இறக்குவோம். வாசலுக்கு நேர முன்னாலதானே. ரெண்டும் ஒண்ணுதான்" என்றார்.

ரெண்டும் ஒன்று என்று அவர் சொன்னதும் எனக்கு உச்சந்தலைவரை ஏறியது. அம்மா சொன்னதெல்லாம் மறந்து, "ரெண்டும் ஒண்ணுன்னா பெரிய வீட்டிலயும் வேலிக்கு வெளியில இறக்கலாமே சாரே" என்று சொல்லிவிட்டேன். செக்ரட்டரி என்னைப் பார்க்காமல் மூங்கிலைப் பார்த்தார். அம்மா என்னை அடக்கவில்லை.

"இடவழி பஞ்சாயத்துக்க மண்ணாக்கும்" என்று அவள் நிதானமாகச் சொன்னாள். "நான் கூப்பிட்டது எனக்க மண்ணுக்கு."

"அப்பிடின்னா அடுத்த கொல்லம் நோக்கலாம்."

அடுத்த கொல்லம் என்ற வார்த்தை எங்களுக்குப் புதிதல்ல. வீட்டுப் பிரச்சினை எதற்குப் போய் நின்றாலும் பெரிய வீட்டு வாசலில் அப்பா கேட்டு வந்த பதில் அதுதான். அம்மா மேஸ்திரியின் பக்கம் திரும்பினாள்.

"இத இடிக்க ஒக்குமா?"

"கம்பி போட்ட வார்ப்பாக்கும் அக்கச்சி. விடிய விடிய அடிச்சாலும் போவாது. பாதி ஒடைஞ்சு கம்பி தொங்கினா அதுக்கு அடியில முடி வரவும் செய்யாது." அவர் அழுதுவிடுவார் போலிருந்தது. "நான் கட்டினது பெலமாட்டு கட்டிப்போட்டேன்."

முடிப்புரைப் பக்கமிருந்து செண்டைச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. முடி வெளியே எடுத்தாயிற்று. வழியில் எங்கள் வீடு முதலில், பெரிய வீடு அதற்கும் பிறகு. அம்மா வளைவைப் பார்த்தாள், பந்தலைப் பார்த்தாள், அப்புறம் மதிலைப் பார்த்தாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அந்த மதிலில் மேஸ்திரியின் பிள்ளைகள் பந்து எறிந்ததற்கு அவள் அவர்கள் வீட்டுக்குப் போய் வழக்கு வைத்தவள்.

"மதிலு?" என்றாள்.

மேஸ்திரி மதிலின் பூச்சைத் தட்டிப் பார்த்தார். பிறகு, "மதிலு வெட்டுகல்லுதான். பொளிக்கலாம்" என்றார்.

"அப்பிடின்னா பொளி."

"அக்கச்சி, யோசிச்சு..."

அம்மா அடுக்களைப்புறத்துக்குப் போனாள். தென்னங்கன்றுக்குக் குழி தோண்டுகிற கம்பிப்பாரையோடு வந்தாள். விரதத்துக்கு உடுத்திய புதுக்கோடி முண்டுத் துணியை இழுத்துச் செருகிக்கொண்டு, வளைவுக்கு வலப்புறம் மதிலின் தலையில் முதல் குத்தை அவளே குத்தினாள். சிமெண்டுப் பூச்சு பொரிந்து விழுந்தது. இரண்டாவது குத்தில் ஒரு கல் அசைந்தது. மேஸ்திரி ஓடி வந்து பாரையை வாங்கினார். அவர் மனைவி தங்கள் வீட்டுக்கு ஓடி, கல் உடைக்கிற கூடச் சுத்தியலைக் கொண்டு வந்தாள்.

"அந்தாக்குல நிக்கிய அளவுக்கல்ல மட்டும் தொடாத, மேஸ்திரி" என்றாள் அம்மா. "மதிலு போனா கட்டிக்கிடலாம்."

அப்புறம் அங்கே நடந்ததைப் பார்க்க வேண்டும். மேஸ்திரி கூடத்தால் அடித்தார், மாமா புது வேட்டியோடு கல் சுமந்தார், நானும் மேஸ்திரியின் மனைவியும் சட்டியில் மண் வாரினோம். மூங்கில்காரர்கள் மூங்கிலை மதிலில் சாத்திவிட்டு வந்து சேர்ந்தார்கள். சாத்திய மதிலும் கொஞ்ச நேரத்தில் இல்லாமல் போனது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன்னால் வந்ததில்லை. சொந்த வீட்டு மதிலை இடித்துக்கொண்டு யாராவது சிரிப்பார்களா? நாங்கள் சிரித்தோம். செண்டைச் சத்தம் நெருங்க நெருங்க வேகம் கூடியது. செக்ரட்டரி கொஞ்ச நேரம் கையைப் பிசைந்துகொண்டு நின்றார், பிறகு தோள்முண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஒரு கல்லைத் தூக்கினார். சின்னக் கல்தான். ஆனாலும் தூக்கினார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

இடைவெளி விழுந்ததும் அம்மா அந்த இடத்தில் மஞ்சள்தண்ணீர் தெளித்து, ஓடிப்போய் மேல்கழுவி வேறு முண்டு உடுத்து வந்தாள். தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் விளக்கைக் கொளுத்தினாள், நான் திரியைத் தூண்டிக் கொடுத்தேன்.

சந்தி மயங்குகிற நேரத்தில் தேவி எங்கள் இடவழியில் திரும்பினாள். முன்னால் தீவெட்டி, பின்னால் செண்டை, நடுவில் அந்த முடி. அவ்வளவு பக்கத்தில் நான் அதைப் பார்த்ததில்லை. முடிக்குக் கீழே தேவியின் கண் எங்கோ நிலைத்திருந்தது. காலில் சிலம்பு. அண்ணன் ஆசைப்பட்டுக் கட்டிய வளைவையும் தாமரையையும் தாண்டி, திரும்பிக்கூடப் பார்க்காமல், இடிந்த மதிலின் வழியே நிமிர்ந்த தலையோடு எங்கள் மண்ணில் கால் வைத்தாள்.

முடியை இறக்குவதற்கு முன் தேவி ஒரு கேள்வி கேட்பது வழக்கம். இது ஆருடைய முற்றம் என்று கேட்பாள். வீட்டு ஆண் முன்னால் வந்து தன் பெயரைச் சொல்லி, என்னுடையது, இறங்க வேண்டும் என்று சொல்வான். அப்படிச் சொன்ன பிறகுதான் தேவி இறங்குவாள். அப்பா இல்லை, அண்ணன் மஸ்கட்டில். அதற்காகத்தான் மாமா வெள்ளறடையிலிருந்து வந்திருந்தார். வேட்டியை உதறி உடுத்துக்கொண்டு தயாராக நின்றார்.

"இது ஆருக்க முற்றம்?"

மாமா தொண்டையைச் செருமினார். அந்தச் செருமல் முடிவதற்குள் அம்மா விளக்குக்கு முன்னால் வந்துவிட்டாள். நகத்திடுக்கில் இன்னும் மதிலின் செம்மண் இருந்தது.

"எனக்க முற்றம்" என்றாள். "இது எனக்க மண்ணாக்கும். தேவி எறங்கணும்."

செண்டை நின்றிருந்தது. செக்ரட்டரி மாமாவைப் பார்த்தார், மாமா அம்மாவைப் பார்த்தார். ஒரு பெண் அந்தப் பதிலைச் சொல்லி எங்கள் ஊரில் யாரும் கேட்டதில்லை. தேவி அசையாமல் நின்றாள். பிறகு சிலம்பு ஒருமுறை குலுங்கியது. முடி மெல்லத் தாழ்ந்து எங்கள் பந்தலில் உட்கார்ந்தது.

நான் குரவையிட்டேன். பெண்கள் எல்லாரும் குரவையிட்டார்கள். குரவை போடவே தெரியாத மேஸ்திரியின் மனைவி நாக்கைச் சுழற்றி என்னமோ ஒரு சத்தம் போட்டாள், எல்லாவற்றுக்கும் மேலே அது கேட்டது. அம்மா அழவில்லை. இலைக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கவனிக்கிற மாதிரி அவலைத் தள்ளி வைத்தாள், பழத்தை எடுத்து முன்னே வைத்தாள், இளநீரைத் திருப்பி வைத்தாள். பூசாரி எழும்பலாமா என்று இரண்டு தடவை கையால் கேட்டார். அம்மா காணாத மாதிரி இருந்தாள். அடுத்து தேவி வரவேண்டிய பெரிய வீட்டில், காத்திருந்து காத்திருந்து அன்று விளக்குக்கு மறுபடியும் எண்ணெய் ஊற்ற வேண்டி வந்ததாம்.